மாமியாரும் நானும் ஃப்ளாரன்ஸ் நகரில்

இத்தாலிக்குப் போய் வந்தேன் என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, "மாமியாரையா கூட்டிக்கிட்டுப் போனே?" என்பதுதான். ஆமாம், மாமியாரைத்தான்! என் கணவருக்கு மிலான் நகரில் மூன்று வாரம் அலுவலக வேலை. பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் கெட வேண்டாமென்று என் அம்மாவிடம் விட்டுவிட்டு, நாங்கள் மூவரும் கிளம்பினோம். போன இடத்தில் அவர் காலையில் போனால் இரவு சாப்பாட்டுக்குத்தான் வருவார். "ரெண்டு பேரும் இங்கேயே உக்காந்து என்ன பண்ணப் போறீங்க? எங்கேயாவது சுத்திட்டு வாங்களேன்" என்றார். மிலானிலிருந்து வேகமான ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ளாரன்ஸ். அந்த ஊர்க்காரர்கள் ஃபிரென்ஸே என்பார்கள். ரயில் டிக்கெட்டிலும் பலகையிலும் அப்படித்தான் இருக்கும். ஃப்ளாரன்ஸ் என்று தேடித் திண்டாடாதீர்கள். மூன்று நாள் தங்கினோம்.

அத்தையைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். வயது 71. தென் மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் 34 வருஷம் நர்ஸாக இருந்தவர். அதில் பெரும்பகுதி பிரசவ வார்டு. இரண்டு முழங்காலும் தேய்மானம். பிரஷர் மாத்திரை உண்டு. ஆங்கிலத்தில் பேசக் கூச்சமே கிடையாது. தப்போ சரியோ, போட்டுத் தாக்கிவிடுவார். எனக்குத்தான் பக்கத்தில் நிற்கக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும்.

ஃப்ளாரன்ஸ் நடந்து பார்க்க வேண்டிய ஊர். பழைய ஊர் முழுக்கக் கல் பாவிய தெருக்கள். மூட்டு வலிக்காரர்களோடு போகிறவர்கள் செருப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, அடிப்பாகம் தடித்த ஷூவாக வாங்கிக்கொள்ளுங்கள். அத்தை பட்டுப்புடவைக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு கம்பீரமாக நடந்தார். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பது அங்கே மாதா கோயில்களில் சட்டம். அரைக்கால் சட்டைக்காரர்களை வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். புடவைக்கு மகாராணி மாதிரி வழி விடுகிறார்கள்!

ரயிலடியிலிருந்து பதினைந்து நிமிஷ நடை, பெரிய கோயில் வந்துவிடும். வெள்ளை, பச்சை, ரோஜா நிறச் சலவைக்கல்லில் கோலம் போட்டாற்போல முகப்பு. முகப்பு என்னவோ 1887-ல் முடிந்த புதுசுதான். கோயில் தொடங்கியது 1296-ல். உலகமே பார்க்க வருவது மேலே இருக்கும் செங்கல் கும்மட்டத்தை. சுவரெல்லாம் எழுப்பிவிட்டார்களே தவிர, அத்தனை அகலத்துக்கு எப்படி மூடி போடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. பல வருஷம் கோயில் தலை திறந்தே கிடந்தது. குறுக்கே சுமார் 45 மீட்டர். அடியில் மரச்சாரம் முட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் எத்தனை காடு வெட்டுவது? புருனெலெஸ்கி என்ற ஒரு பொற்கொல்லர் முட்டே இல்லாமல் கட்டுகிறேன் என்று வந்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஓடு, செங்கற்களை மீன் முள் மாதிரி மாற்றி மாற்றிச் சொருகும் முறை. 1420-ல் ஆரம்பித்து 1436-ல் முடித்துவிட்டார். வேலையாட்கள் சாப்பாட்டுக்கு இறங்கி ஏறி நேரத்தை வீணாக்காமல் இருக்க மேலேயே சாப்பாட்டுக் கடை வைத்தாராம். வஸாரி என்ற பழைய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். வீட்டு வேலைக்குக் கொத்தனார் வைத்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

உச்சி வரை 463 படி. லிஃப்ட் கிடையாது. "463 படியா? மாடி வீடே வேணாம்னு வாடகைக்குத் தரை வீடாப் பாத்துப் பாத்துக் குடியிருந்தவ நான்" என்று அத்தை சிரித்துவிட்டு, கோயில் திண்ணையில் உட்கார்ந்துகொண்டார். "நீ போய்ட்டு வா" என்றார். எனக்கு மனசு வரவில்லை. முன்பதிவு வேறு வேண்டும். கீழே இருந்தே அண்ணாந்து பார்த்தோம்.

மறுநாள் காலை டேவிட் சிலை. அக்கடெமியா என்ற காட்சிசாலையில் இருக்கிறது. திங்கட்கிழமை விடுமுறை, முன்பதிவு செய்துகொண்டு போவது உத்தமம். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. 17 அடி உயரத்தில், பொட்டுத் துணியில்லாமல் ஓர் ஆண்பிள்ளை. பக்கத்தில் மாமியார்! அவரோ நேரே போய் அந்தத் தொங்கும் வலது கைக்குக் கீழே நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். "ஏம்மா, அந்தப் புறங்கையைப் பாரேன். தொங்கப் போட்ட கையில நரம்பு புடைச்சிருக்கு, தூக்கி வச்ச கையில அவ்வளவு இல்ல. இந்த மாதிரி நரம்பு கிடைச்சா கண்ணை மூடிக்கிட்டு டிரிப் ஏத்திடலாம்!" மைக்கேலாஞ்சலோ இதைச் செதுக்கத் தொடங்கியபோது வயது 26. அதற்கு முன்பே இந்த ஊர் மடம் ஒன்றில் பிணங்களை அறுத்துப் பார்த்து உடற்கூறு கற்றவர். பார்க்கிறவர் பார்த்தால்தான் தெரிகிறது. எனக்கு அதன்பின் சங்கடமே போய்விட்டது.

பழைய பாலம் என்று அர்த்தம் வரும் போன்டே வெக்கியோவுக்கும் போனோம். 1345-ல் கட்டியது. பாலத்தின் இருபக்கமும் நகைக் கடைகள். முன்பு கசாப்புக் கடைகள் இருந்தனவாம். அரண்மனைக்காரர்கள் நாற்றம் தாங்காமல் 1593-ல் துரத்திவிட்டுப் பொற்கொல்லர்களைக் குடியேற்றினார்கள். 1944-ல் ஜெர்மானியர் பின்வாங்கும்போது ஊரின் மற்றப் பாலங்களையெல்லாம் வெடி வைத்துத் தகர்த்தார்கள், இதை மட்டும் விட்டுவிட்டார்கள். அத்தைக்குச் சரித்திரத்தைவிடத் தங்கத்தில்தான் கண். 18 காரட் என்றதும், "நம்ம ஊர் அடகுக் கடைக்காரன்கூட மூஞ்சியைச் சுளிப்பான்" என்று அடுத்த கடைக்கு நகர்ந்துவிட்டார்.

சாப்பாட்டு விஷயம் சொல்லாமல் விட்டால் என்னைச் சும்மா விடமாட்டீர்கள். அந்த ஊர் ரொட்டியில் உப்பே போடுவதில்லை! முதல் வாயிலேயே ஏமாற்றம். ஆனால் ரிபொல்லிட்டா என்று ஒரு சூப் கொடுத்தார்கள். 'மறுபடி கொதித்தது' என்று அர்த்தமாம். நம் வீட்டுச் சுண்டக்குழம்புக்கு அக்கா! முதல் நாள் மிஞ்சிய காய்கறி சூப்பில் பழைய ரொட்டியைப் பிய்த்துப் போட்டு மறுநாள் கொதிக்க வைப்பது. நான் ஊர் திரும்பிச் செய்து பார்த்தேன். வெங்காயம், கேரட், இருந்தால் செலரித் தண்டு ஆகியவற்றை எண்ணெயில் நன்றாக வதக்கி, தக்காளி இரண்டு, ஊறவைத்து வேகவைத்த வெள்ளைக் காராமணி ஒரு கப் (அவர்கள் போடுவது வேறு வெள்ளை பீன்ஸ்), அதில் பாதியை மசித்து, நறுக்கிய கோஸும் கீரையும் சேர்த்து, உப்புப் போட்டு நிதானமாக வேகவிடுங்கள். இறக்கி வைத்து, காய்ந்துபோன ரொட்டித் துண்டுகளைப் போட்டு மூடிவிடுங்கள். மறுநாள் ஒரு கொதி. மேலே ஆலிவ் எண்ணெய், மிளகுத்தூள். அவர்கள் ஊரில் கறுப்பாகச் சுருண்ட ஒரு கோஸ்கீரை போடுகிறார்கள். அது இல்லாமலும் நன்றாகவே வருகிறது. சைவக்காரர்கள் கடையில் சாப்பிடும்போது பன்றி இறைச்சி சேர்த்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். காப்பிக் கடையில் வெறுமனே 'லாட்டே' என்று கேட்டால் டம்ளரில் பாலைக் கொடுத்துவிடுவார்கள். 'கஃபே லாட்டே' என்று சொல்ல வேண்டும். நின்றுகொண்டே குடித்தால் விலை குறைவு.

இனி நான் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

அக்கடெமியாவிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் அமைதியான ஒரு சதுக்கம் இருக்கிறது. சந்தடி இல்லை. ஒரு பக்கம் முழுக்க மெல்லிய தூண்களும் வளைவுகளுமாய் நீண்ட தாழ்வாரம். நம் செட்டிநாட்டு வீட்டு வளவு மாதிரி, ஆனால் தெருவைப் பார்த்து. வளைவுகளுக்கு இடையே நீல வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்திலும் வெள்ளை நிறத்தில் ஒரு கைக்குழந்தை. கையை விரித்துக்கொண்டு, 'தூக்கேன்' என்கிற மாதிரி. கால் வலிக்கு உட்காரப் படி தேடி வந்த அத்தை, உட்காராமலே நின்றுவிட்டார்.

அதன் பெயர் ஓஸ்பெடாலே டெலி இன்னொசென்டி. ஏரோது அரசன் கொன்ற பாவமறியாப் பச்சிளங்குழந்தைகளின் நினைவாக வைத்த பெயர். பெற்றவர்கள் வளர்க்க முடியாமல் விட்டுவிட்ட குழந்தைகளுக்கென்றே கட்டிய இல்லம். கட்டியவர், அந்தக் கும்மட்டம் கட்டினாரே, அதே புருனெலெஸ்கி! கும்மட்டத்துக்கு ஒரு வருஷம் முன்னால், 1419-ல் தொடங்கியது. பொறுப்பேற்றது பட்டு வியாபாரிகள் சங்கம். பக்கத்து ஊரான பிராட்டோவில் டாத்தினி என்ற வியாபாரி 1410-ல் இறக்கும்போது, இப்படி ஒரு இல்லத்துக்கென்று ஆயிரம் பொற்காசு எழுதி வைத்துவிட்டுப் போனார். அதுதான் முதல்.

முதல் குழந்தை வந்தது 1445 பிப்ரவரி 5-ஆம் தேதி. பெண். அகதா ஸ்மெரால்டா என்று பெயர் வைத்தார்கள். ஆரம்ப வருஷங்களில் வந்தவற்றில் பெண் குழந்தைகளே அதிகம் என்று நான் படித்துச் சொன்னதும், "அதானே" என்றார் அத்தை. வேறொன்றும் சொல்லவில்லை.

நீல வட்டங்களை 1487-ல் ஆண்ட்ரியா டெல்லா ராபியா என்பவர் சுட்ட மண்ணில் செய்து மெருகிட்டார். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் சின்னமே இந்தக் குழந்தைகளில் ஒன்றை வைத்துத்தான். குழந்தைகளுக்கு இடுப்பிலிருந்து பாதம் வரை துணிப்பட்டையை இறுக்கிச் சுற்றியிருக்கிறது. நர்ஸ் அம்மா சும்மா இருப்பாரா? "இப்படிக் காலை நேரா நீட்டி இறுக்கிக் கட்டவே கூடாதும்மா. பிறந்த குழந்தைக்கு இடுப்பு மூட்டுக் கிண்ணம் முழுசா உருவாகியிருக்காது. கால் தவளை மாதிரி மடங்கி, அகண்டு இருக்கணும். இறுக்கிக் கட்டினா மூட்டு நழுவிடும். நம்ம ஊர்ல இடுப்புல தூக்கி வச்சுக்கிறோமே, அதுதான் சரி" என்றார். இளம் தாய்மார்கள் கவனித்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் போர்த்தலாம், தோள்ப்பக்கம் சுற்றலாம், காலைக் கட்டிப்போடாதீர்கள்.

தாழ்வாரத்தின் இடது கோடியில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல். இரவில் வந்து குழந்தையை அதன் வழியே உள்ளே வைத்துவிட்டுப் போய்விடலாம். யாரென்று யாரும் கேட்கமாட்டார்கள். கம்பிக்கு நடுவே பிறந்த குழந்தை மட்டும்தான் நுழையும், வளர்ந்த பிள்ளை நுழையாது. 1875-ல் அதை மூடிவிட்டார்கள். அத்தை கம்பியைக் கையால் அளந்து பார்த்தார். "1992-ல சேலத்துல தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தப்போ, கொண்டாந்து போடுறவளைக் கேள்வி கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. பெரிய புதுசுன்னு நாங்க பேசிக்கிட்டோம். இங்க என்னிக்கோ செஞ்சிருக்காங்க" என்றார்.

உள்ளே காட்சிசாலை இருக்கிறது. புதுப்பித்து 2016-ல் திறந்தார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். குழந்தைகளைக் கூலிக்குப் பால் கொடுக்கும் கிராமத்துப் பெண்களிடம் அனுப்பினார்கள். அப்படிப்பட்டவர்கள் போதாத காலங்களில் ஒருத்தியே பல குழந்தைகளுக்குப் பால் கொடுத்தாள். புட்டிப்பால் ஏது அப்போது? மிகப் பல குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பிழைத்தவர்களில் பையன்களைத் தொழிலுக்கு அனுப்பினார்கள்; பெண்களுக்குத் தையலும் நெசவும் சொல்லிக்கொடுத்து, சீதனம் சேர்த்துக் கல்யாணமும் செய்துவைத்தார்கள். இன்னொசென்டி, நொசென்டினி என்ற குடும்பப் பெயரோடு இத்தாலியில் இன்றைக்கும் பலர் இருக்கிறார்கள். அவர்கள் முன்னோர் யாரோ இப்படி ஜன்னல் வழியே வந்தவர்கள்.

ஒரு அறையில் சுவர் நிறையச் சின்னச் சின்ன இழுப்பறைகள். அஞ்சறைப்பெட்டி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர். இழுத்தால் உள்ளே அந்தக் குழந்தையோடு வந்த பொருள். பாதியாக வெட்டிய ஒரு பதக்கம், ஒரு மணி, ஒரு சிலுவை, ரிப்பன் துண்டு. பாதியைத் தாய் வைத்துக்கொள்வாள். நாளைக்கு நிலைமை சரியானால் வந்து, 'இதோ என் பாதி' என்று காட்டிப் பிள்ளையை வாங்கிப் போகலாம். வந்தவர்கள் உண்டு. இழுப்பறையில் இருப்பவை, மறுபாதி வராதவை.

கூடவே அந்தக் காலத்துப் பேரேடுகள். எந்தத் தேதி, எந்த வேளை வந்தது, என்ன துணி சுற்றியிருந்தது, கழுத்தில் என்ன இருந்தது, சீட்டு இருந்தால் அதில் என்ன எழுதியிருந்தது... எல்லாவற்றையும் யாரோ உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தைக்கும் எழுதியிருக்கிறார்கள். ஒரு வருஷம், இரண்டு வருஷமா? நூற்றாண்டுக் கணக்கில்! நான் விளக்கப் பலகையைப் படித்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். திரும்பிப் பார்த்தால் அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் என்று நினைத்தேன்.

"என்கிட்ட ஒரு பிள்ளை இருந்துச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். 1984-ஆம் வருஷம். என் கணவருக்கு அப்போது இரண்டு வயது. வார்டில் ஒரு பெண்ணுக்கு மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தது. புருஷன் வீட்டிலிருந்து யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நான்காம் நாள் குளித்துவிட்டு வருகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. கொடுத்த விலாசத்தில் அப்படி யாரும் இல்லை. பதினோரு நாள் அந்தக் குழந்தையை நர்ஸுகளே முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். "எனக்குத்தான் நைட் டியூட்டி. என் கையிலயேதான் தூங்கும். வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்னு உங்க மாமாகிட்ட கேட்டேன். அவர் சரின்னுட்டார். எங்க மாமியார், இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்னாங்க." பன்னிரண்டாம் நாள் ஓர் இல்லத்திலிருந்து வந்து வாங்கிப் போனார்கள்.

"அவ போறதுக்கு முந்தி பிள்ளை கையில கயிறு கட்டிட்டுப் போயிருந்தா. கறுப்புக் கயித்துல வசம்பும் ஒரு சோழியும். பாத்து வளக்கணும்னு நினைக்காதவளா கட்டுவா? ரிஜிஸ்டர்ல அதை எழுத இடம் இல்லம்மா. பெண், எடை, தாய் காணவில்லைன்னு எழுதினேன். அவ்வளவுதான் கேட்டாங்க. வாங்கிட்டுப் போன பாரத்துலயும் அதுக்கு ஒரு கோடு இல்ல. இங்க பாரு, துணி என்ன கலர்னு எழுதியிருக்கான்."

இதுவரை அவர் தன் பிள்ளையிடம்கூட இதைச் சொன்னதில்லையாம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மாடிக்கு லிஃப்ட் இருக்கிறது. உச்சியில் திறந்த தாழ்வாரம், இப்போது காப்பிக் கடை ஆக்கியிருக்கிறார்கள். முன்காலத்தில் இல்லத்துத் துணியெல்லாம் துவைத்துக் காயப்போட்ட இடம் அது. அங்கிருந்து பார்த்தால் எதிரே கும்மட்டம், ஊர்க் கூரைகளுக்கு மேலே பளிச்சென்று தெரிகிறது. 463 படி ஏறாமலே! அத்தை காற்றைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். "எத்தனை மூத்திரத்துணி காய்ஞ்சிருக்கும் இங்க! நல்லாக் காயும்" என்றார். இரண்டு கஃபே லாட்டே வாங்கினேன். இந்த இல்லம் இன்றைக்கும் குழந்தைகளுக்காகத்தான் நடக்கிறது. பாலர் பள்ளி உண்டு, ஆதரவற்ற தாய்மாரும் குழந்தையும் தங்க இடம் உண்டு. 1988-ல் யுனிசெஃப் இங்கே ஓர் ஆய்வு மையம் வைத்தது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன், அவர் கேட்டாரோ என்னவோ.

காப்பி முடிந்ததும், "உன் டைரி இருக்கா?" என்றார். எடுத்தேன். நிதானமாகச் சொன்னார், எழுதிக்கொண்டேன். எழுதியதை ஒருமுறை திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

ஊருக்கு வந்தபின் இந்தக் கட்டுரை எழுதப் போகிறேன், அதையும் போடட்டுமா என்று கேட்டேன். "தாராளமா போடு. அவளுக்கு இப்ப நாப்பது தாண்டியிருக்கும். இந்த மாதிரி புஸ்தகமெல்லாம் வாங்கிப் படிக்கிறாளோ என்னவோ" என்றார். டைரியில் உள்ளபடியே தருகிறேன்:

1984, ஐப்பசி மாதம். பெண். இரண்டே கால் கிலோ. தலை நிறைய முடி. சுற்றியிருந்தது பழைய மஞ்சள் நூல் சேலைத் துண்டு, ஓரத்தில் சிவப்புக் கரை. இடது கையில் கறுப்புக் கயிறு, வசம்பு, ஒரு சோழி. ராத்திரியில் தூக்கி வைத்துக்கொண்டால் அழாது.